உலா போகும் எங்களை யார் பார்க்கிறார்கள்?

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்கு உலா என்ற சொல் புதிதல்ல. சோழர் கால இலக்கியத்தில் ஒட்டக்கூத்தரின் மூவருலா வரும். அரசன் வீதியில் பவனி வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து நிற்பார்கள். இந்த ஏழையும் வரிசை மாறாமல் பாடமாக்கப் பட்ட பாடு என் வகுப்புத் தோழியருக்குத் தெரியும்.

தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு இணைய உலாவிகளைப் பற்றிக் குறிப்பெடுத்தபோது, ‘உலா’ என்றே பெயர் வைத்த ஓர் உலாவி இருப்பதை அறிந்து ஆச்சரியப்பட்டேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் அதை வெளியிட்டது. தமிழ்ச் சொல்லைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பயணம் என்பது அவர்கள் சொல்லும் பொருள். எனக்கோ மூவருலாதான் நினைவுக்கு வந்தது. அந்த உலாவில் வீதிக்கு வருகிற அரசனுக்கு எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும். இணையத்தில் உலாப் போகிற எங்களுக்கு அப்படி ஓர் ஆசை இல்லை. ஆனாலும் மாடத்தில் நின்று பார்க்கிறார்கள். யார் யார் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிவதுமில்லை.

எங்கள் பாடநூல்களில் இதற்கு ‘மேலோடி’ என்றொரு சொல்லும் உண்டு. எந்தச் சொல்லைப் பாவித்தாலும், கணினியையோ கைத்தொலைபேசியையோ வைத்திருக்கிற பலருக்கு உலாவி என்பது ஒரு தனிப் பொருள் என்பதே விளங்குவதில்லை. எங்கள் உம்மாவுக்கு அந்தச் சின்ன வட்டப் படம்தான் இன்டர்நெட். அதை அழுத்தினால் இன்டர்நெட் திறக்கும், அவ்வளவுதான். வீட்டுக் கதவைப் பிடிக்காவிட்டால் மாற்றலாம் என்று தெரியும். இந்தக் கதவையும் மாற்றலாம் என்பது தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கதவைப் பற்றியது.

அம்பிட்டியவில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு ஒன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது வாப்பா கடைக் காசில் ஒரு லெப்டொப் வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுக்கு அது ஒன்றுதான். தாத்தா, நான், தம்பி மூவருக்கும் அதில்தான் பாடம். இரவில் வாப்பா கிரிக்கெட் ஸ்கோரும் பழைய வேன் விலையும் பார்ப்பார். யார் எந்த நேரத்துக்கு எடுப்பது என்பதில் நடந்த சண்டைகளை எழுதினால் இந்த மலரில் வேறு எதற்கும் இடமிருக்காது.

போன வருடம் தாத்தாவுக்கு உடம்பில் ஒரு பிரச்சினை வந்தது. வைத்தியரிடம் போனார், மருந்தும் கொடுத்தார்கள். ஆனால் வைத்தியரின் அறையில் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது, அதுவும் உம்மா பக்கத்தில் இருக்கும்போது. ஆகவே தாத்தா இரவில் அந்த நோயைப் பற்றித் தேடி வாசித்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நோயின் பெயரை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.) இரண்டு நாட்களில் அந்த நோய்க்கான மாத்திரைகளும் கிறீம்களும் விளம்பரமாக வரத் தொடங்கின. அவர் வாசித்த பக்கங்களில் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. வாப்பா ஸ்கோர் பார்க்கிற பக்கத்தின் ஓரத்திலும் வந்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. லெப்டொப்பை மூடிவிட்டுத் தொழப் போனார். தாத்தா அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்த நோயைப் பற்றி எதையும் தேடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான். வெட்கம் மறைந்துவிடும். ஆனால் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் ஒரு பெண் பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அதற்குக் காரணமானவர்கள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை.

பிறகு யாரோ ஒரு தோழி சொல்லி, தாத்தா ‘பிரைவேட்’ ஜன்னலைப் பாவிக்கத் தொடங்கினார். கறுப்பு நிறத்தில் திறக்குமே, அதுதான். ஒருநாள் உம்மா தேநீர் கொண்டுவந்தபோது அந்தக் கறுப்பைக் கண்டுவிட்டார்.

“இதுல என்னத்த ஒளிச்சிக்கிட்டு ஈக்கீங்க மகள்?”

பெற்றோர்கள் இதை வாசித்தால், உம்மாவின் கேள்வியை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெண் பிள்ளைகளை ஒன்லைனில் ஏமாற்றி மிரட்டிய கதைகளை நாங்களும் கேட்டிருக்கிறோம், உம்மாவும் கேட்டிருக்கிறார். கறுப்பு ஜன்னலைப் பார்த்து ஒரு தாய் பயப்படாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜன்னல் மறைப்பது உம்மாவிடமிருந்து மட்டும்தான். அதை மூடியதும் எங்கே போனோம் என்ற பதிவு அந்தக் கணினியிலிருந்து அழியும். நாங்கள் போன இணையத்தளங்களுக்கும், அவற்றில் ஒளிந்திருக்கும் விளம்பரக் கம்பனிகளுக்கும், இணைய இணைப்பைத் தருகிறவர்களுக்கும் நாங்கள் வந்துபோனது தெரிந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் இதை வைத்தே கூகுளுக்கு எதிராக 2020இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் அது சமரசத்துக்கு வந்தபோது, அப்படிச் சேர்ந்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், அந்த ஜன்னலில் காட்டும் விளக்கத்தைத் திருத்தவும் கூகுள் ஒப்புக்கொண்டது.

அதாவது, எதையும் ஒளிக்கத் தேவையில்லாத தாயிடமிருந்து தாத்தா ஒளிந்துகொண்டார். விளம்பரத்தை அனுப்பியவர்களுக்கு அந்தக் கறுப்பு ஜன்னல் முழுத் திரையாக இருக்கவில்லை. தனியுரிமை என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது ஒன்று. வீட்டில் இல்லாதவர்கள் பார்ப்பது மற்றது. நாங்கள் முதலாவதைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கையில் இரண்டாவது சத்தமில்லாமல் நடக்கிறது.

இரண்டாவது எப்படி நடக்கிறது என்பதை வாப்பாவுக்கு அவருடைய கடைக் கொப்பியை வைத்தே விளங்கப்படுத்தினேன். வாப்பாவின் கடையில் கடன் கொப்பி ஒன்று இருக்கிறது. யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் தெரிந்த வாடிக்கையாளரும் ஒவ்வொரு முறையும் புது ஆள்தான். இணையத்தளங்களுக்கும் அதே பிரச்சினை இருந்தது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுலி என்பவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடை ஒரு சின்னத் துண்டை எங்கள் உலாவியிலேயே வைத்துவிடும். அடுத்த முறை போகும்போது அதைப் பார்த்து எங்களை அடையாளம் காணும். அதன் பெயர்தான் குக்கி. இதுவரை நல்ல விஷயம்தான்.

இப்போது ஓர் ஆளைக் கற்பனை செய்யுங்கள். அவர் வாப்பாவின் கடையிலும் ஒரு மூலையில் நிற்கிறார். பக்கத்து மருந்துக் கடையிலும், புத்தகக் கடையிலும், நகைக் கடையிலும் நிற்கிறார். நாங்கள் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தன்னுடைய ஒரே கொப்பியில் எழுதிக்கொள்கிறார். மருந்துக் கடையில் என்ன கேட்டோம் என்பது அவருக்குத் தெரியும் என்பதால் நகைக் கடை வாசலில் நின்று மருந்து விற்கிறார். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது இவர்தான். “அப்பிடி ஒரு ஆள் நம்மட கடைக்கு வந்தா ஒதச்சித் தொரத்துவேனே” என்றார் வாப்பா. வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பதில் வந்தால்தான் உள்ளே போக வேண்டும் என்று பழக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும் என்று நினைக்கிறேன்.

இந்த ஆளைத் துரத்துகிற வேலையைத்தான் மாற்று உலாவிகள் கொஞ்ச வருடங்களாகச் செய்துவருகின்றன. மொஸில்லாவின் பயர்பொக்ஸ், தெரிந்த வேவுக் குக்கிகளைத் தடுப்பதை 2019இல் எல்லோருக்கும் இயல்பாகவே போட்டுவிட்டது. 2022 ஜூனில் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி ஜாடியில் அடைத்தது. மூலையில் நிற்கிற ஆளை உள்ளே விட்டாலும், மருந்துக் கடையில் எழுதிய கொப்பியை நகைக் கடையில் திறக்க முடியாது. அப்பிளின் சபாரி 2020இலேயே மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுதாக நிறுத்தியது. உலகத்தில் அதிகம் பேர் பாவிக்கிற குரோமும் இரண்டு வருடத்துக்குள் நிறுத்தப்போவதாக 2020இல் கூகுள் சொன்னது. பிறகு தள்ளிப்போட்டது. திரும்பவும் தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் அந்த யோசனையையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கிற கம்பனி விளம்பரக்காரரைத் துரத்தும் என்று எதிர்பார்த்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள்.

சரி, ‘உலா’வுக்கு வருவோம். அதை எங்கள் லெப்டொப்பில் போட்டதற்கு விளம்பரத் தடை மட்டும் காரணமில்லை. அது மற்ற உலாவிகளிலும் உண்டு. உலாவில் என்னைக் கவர்ந்தது, ஒரே உலாவிக்குள் பல அறைகள் இருப்பது. வேலைக்கு ஒன்று, தனிப்பட்ட பாவனைக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று, மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ‘ஒப்பன் சீசன்’ என்று இன்னொன்று. அதில் தடைகள் எல்லாம் எடுபட்டிருக்கும். ஓர் அறையில் தேடியதும் திறந்ததும் மற்ற அறைக்குப் போகாது. கம்பனிகளில் வேலை செய்கிறவர்கள் அலுவலகத்தையும் வீட்டையும் பிரித்து வைக்க இதைப் பயன்படுத்தலாம். ஒரு லெப்டொப்பும் பல ஆட்களும் உள்ள அம்பிட்டிய வீடு அவர்கள் யோசனையில் இருந்திருக்காது. ஆனால் எங்களுக்குத்தான் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தனிப்பட்ட அறை தாத்தாவுக்கு. வேலை அறையில் என் பாடங்களும் வாப்பாவின் ஸ்கோரும். சிறுவர் அறை தம்பிக்கு. அடுத்த நாளே வாப்பாவின் பக்கத்தில் ஓரங்கள் வெறுமையாகிவிட்டன. “ஏன் இது இவ்வளவு வெள்ளையா ஈக்கி, கெட்டுப்போய்ட்டோ?” என்று கேட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த அறைகளுக்கு எங்கள் வீட்டில் நாங்கள் பூட்டுப் போடவில்லை. யாரும் ஓர் அழுத்தில் அடுத்த அறைக்குப் போகலாம். உண்மையான பூட்டு வேண்டுமென்றால் கணினியிலேயே ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் வைப்பதுதான் சரியான வழி. அடுத்தது, உலாவின் அடித்தளம் குரோமியம். அது கூகுள் முன்னின்று வளர்க்கிற திறந்த மூல மென்பொருள். வீட்டை நாங்கள் கட்டினாலும் அத்திவாரம் வேறொருவருடையது. அந்த வகையில் பயர்பொக்ஸ் தன் சொந்த அத்திவாரத்தில் நிற்கிற ஒன்று என்பதால், அது அழிந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன். பயர்பொக்ஸுக்கு ஒரு காலத்தில் இலங்கைத் தமிழுக்கென்றே தனிப் பதிப்பு இருந்தது என்பது ஒரு சின்னத் தகவல்.

2025 மார்ச்சில் இந்திய அரசாங்கம் நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் ஸோஹோ முதலிடம் பெற்று ஒரு கோடி இந்திய ரூபாய் பரிசு வாங்கியது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் தமிழ்ப் பெயர் வைத்த காரணத்துக்காக ஒரு கதவை நம்ப முடியாது. அந்தக் கம்பனி மென்பொருள் விற்றுச் சம்பாதிக்கிறது, எங்கள் விபரங்களை விளம்பரக்காரருக்கு விற்றுப் பிழைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை என்பதுதான் என் காரணம். அந்த வியாபாரம் மாறினால் என் எண்ணமும் மாறும்.

குக்கிகளைத் துரத்திவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் இன்னொன்றை வாசித்தேன். குக்கி இல்லாமலேயே எங்களை அடையாளம் காணலாம். திரையின் அளவு, நேர வலயம், மொழி, கணினியில் உள்ள எழுத்துருக்கள் இவற்றை உலாவி தானாகவே சொல்லிவிடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் கைரேகை மாதிரி ஒன்று கிடைக்கும். 2010இல் அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை இதைச் சோதித்தபோது, வந்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்தன்மையானவையாக இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் சிக்கல். இலங்கை நேரம், தமிழ் மொழி, தமிழ் எழுத்துருக்கள் என்ற சேர்க்கை உலகத்தில் எத்தனை கணினிகளில் இருக்கும்? கூட்டத்தில் ஒளிய வேண்டுமென்றால் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்களை அடையாளம் காண்பது இணையத்திலும் இலேசுதான். இதற்கு எதிரான பாதுகாப்பை 2025 நவம்பரில் பயர்பொக்ஸ் இன்னும் பலப்படுத்தியது. அதன் முழுப் பயன் கிடைக்க அமைப்புகளுக்குள் போய் ‘கடுமையான’ பாதுகாப்பைத் தெரிவுசெய்ய வேண்டும். யாராவது செய்து காட்டினால் இரண்டு நிமிட வேலை.

கண்டியில் இருப்பவர்கள் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது 2018ஐத் தாண்டிப் போக முடியாது. மார்ச் மாதம். நான் ஆறாம் தரத்தில் இருந்தேன். திகன, தெல்தெனிய பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு போட்டார்கள். 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பும் செய்திகளை நிறுத்தத்தான் அந்த முடக்கம். ஆனால் கத்தாரில் இருந்த மாமாவுக்கு எங்களைப் பற்றி எந்தச் செய்தியும் போகவில்லை. வெளிநாட்டு அழைப்புக்குக் காசு போட்டுக் காசு போட்டு உம்மா களைத்துப்போனார். அப்போதுதான் வீபிஎன் என்ற சொல்லை எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கேட்டோம். உறவுக்காரப் பையன் ஒருவர் உம்மாவின் போனில் இலவசமாக ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். மாமாவின் குரல் கேட்டது. உம்மா அழுதார். முடக்கம் ஒரு வாரமளவில் நீங்கியது. அந்தச் செயலி இரண்டு வருடம் போனிலேயே இருந்தது.

அதை யார் செய்தார்கள், அதன் வழியாகப் போனவற்றை எங்கே வைத்தார்கள் என்று அந்த நாட்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. ஆனால் வீபிஎன் என்பது எங்கள் போக்குவரத்து முழுவதையும் ஒரே ஆளின் முற்றத்தால் அனுப்புவது. அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும். பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற கம்பனியின் இலவச வீபிஎன், பாவிப்பவர்களின் விபரங்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே, அவர்கள் எந்தெந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்பதைச் சேகரித்துக்கொண்டிருந்தது. 2023 ஜூலையில் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. இப்போது சில உலாவிகள் ‘உள்ளேயே இலவச வீபிஎன்’ என்று விளம்பரம் செய்கின்றன. புதிய வசதி என்று பார்த்ததும் அழுத்தாமல், அந்த முற்றம் யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன. அதுவரை கதவை நாங்களே சாத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒப்படைகளைப் பிரின்ட் எடுக்க டவுனில் கொமினிகேஷன் கடைக்குப் போகிறோமே, அந்தக் கணினி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் மின்னஞ்சலைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நான் போய் அமர்ந்ததும் முன்னால் வந்த பிள்ளையின் படங்கள் உட்பட எல்லாம் திறந்திருந்தன. வெளியேற்றிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். எனக்குப் பதில் வேறு யாராவது அமர்ந்திருக்கலாம். அந்தக் கறுப்பு ஜன்னல் உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். எங்களுக்குப் பின்னால் அமரப்போகிறவரிடமிருந்து மறைக்க அது போதும். கடையில் கறுப்பு, வீட்டில் வெள்ளை என்று தோழிகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

தம்பிக்குச் சிறுவர் அறை பிடிக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. தன்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டோம் என்று முறைப்பாடு. அதைவிட அவன் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “எனக்கு எதக் காட்டுற, எதக் காட்டாம விடுறன்னு யாரு முடிவெடுக்குற?” உம்மாவா, சென்னையில் இருக்கிற யாரோ ஒரு பொறியியலாளரா என்றால், பாதிக்குப் பாதி. வாப்பா அவனைக் கூடத்தில், எல்லோர் முன்னாலும் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வடிகட்டியை எந்தக் கம்பனியும் செய்யவில்லை என்பது என் எண்ணம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அதுவே சரி என்று சொல்வீர்களானால் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் நாங்கள் இன்னும் அதைக் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தாத்தா திரும்ப வாசிக்கத் தொடங்கிவிட்டார். வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன மாதம் தனியே உள்ளே போனார். உம்மா வெளியே வாங்கில் இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா என்னிடம் வந்து, தனக்கும் ஓர் அறை திறந்து தர முடியுமா என்று கேட்டார். மென்பொருள் எழுதுகிறவர்களின் அறை எங்கள் வீட்டில் சும்மாதான் கிடந்தது. அதைத் திறந்து, எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, தமிழில் தட்டச்சுச் செய்கிற விதத்தையும் காட்டிக்கொடுத்தேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தத் தொடங்கினார். நான் எழுந்து குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.